மேலை போன சுவாமி

பலெர்மோ விமான நிலையத்தில் என்னை மறித்த அதிகாரி என் உடுப்புகளைக் கிண்டவில்லை. ஓலையில் பொதிந்த பனங்கட்டிக் குட்டானைத் தூக்கி மணந்து பார்த்துவிட்டு ஒரு பக்கத்தில் வைத்தார். மிளகாய்த்தூளை மணக்காமலே வைத்தார். பிறகு ஜாம் போத்தலைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். அதற்குள் ஜாம் இல்லை. எங்கள் ஊரான பேசாலையின் சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவே அள்ளிய மணல் இருந்தது.

மன்னாரில் பஸ் ஏறிய நேரம் தொடக்கம் இந்தக் கணத்துக்குத்தான் நான் பயந்துகொண்டு வந்தேன். வந்துவிட்டது.

அவர் இத்தாலியனில் ஏதோ கேட்டார். எனக்கு இத்தாலியன் தெரியாது. ஆனால் சின்ன வயதில் சுவாமியாராக வருவதற்கென்று சிறு குருமடத்தில் சேர்ந்து, பத்தாம் வகுப்போடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவன் நான். அங்கே படித்த இலத்தீனில் கொஞ்சச் சொற்கள் இன்னும் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. மண்ணுக்கு என்ன, மணலுக்கு என்ன என்று மூளையைக் குடைந்தேன். வந்து விழுந்தது, விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசும்போது சொல்கிற சொல்.

"புல்விஸ்," என்றேன். தூசி.

அவருடைய முகம் மாறியது. இத்தாலியனிலும் அதைப் போன்ற ஒரு சொல் இருக்கிறதாம். எல்லாத் தூளுக்கும் அதுதானாம். வெடிமருந்துக்கும் அதுதானாம். இதை என் மருமகள், தங்கச்சியின் மகள், எனக்குப் பிறகுதான் சொன்னாள். இன்னொரு அதிகாரி வந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் குருமடத்துச் சவிரி சுவாமி எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், ஈர மணலில் விரலால் இலத்தீன் எழுத வைத்தது ஞாபகம் வந்தது. அலை வந்து அழித்தால் திரும்பவும் எழுத வேண்டும். முதலில் எழுத வைத்த சொல்லே மணல்தான்.

"ஆரேனா!" என்று கத்தினேன். "ஆரேனா, ஆரேனா!"

"ஆ, ரீனா!" என்றார் இரண்டாமவர். சிசிலிக்காரர் வீட்டுப் பேச்சில் மணலுக்கு அப்படித்தான் சொல்வார்களாம். பிள்ளைகள் கடற்கரையில் விளையாடுவதுபோல இரண்டு கையாலும் அள்ளிக் காட்டினார். நான் கழுத்து நோகும்வரை தலையாட்டினேன். போத்தலைத் திருப்பித் தந்து, தோளில் தட்டி அனுப்பிவிட்டார்கள்.

செத்த பிறகும் சுவாமி என்னைக் காப்பாற்றுகிறாரே என்று வெளியே வந்து நின்று அழுதேன். தங்கச்சி ஜெசி ஓடிவந்தாள். தன்னைக் கண்ட சந்தோஷத்தில் அண்ணன் அழுகிறான் என்று நினைத்து அவளும் அழுதாள். நான் திருத்தவில்லை.

நான் ஏன் மணலோடு பலெர்மோவுக்குப் போனேன் என்று சொல்லவேண்டும். சவிரி சுவாமி எங்களுக்கு இலத்தீன் படிப்பித்தவர். பிறகு இத்தாலிக்குப் போய், பலெர்மோவில் இருக்கிற எங்கள் சனத்துக்குப் பூசை வைத்து, ஞானஸ்நானம் கொடுத்து, கலியாணம் கட்டிவைத்து, அங்கேயே கிழவனாகிவிட்டார். கைத்தொலைபேசி அவருக்கு ஆகாது. வருசத்துக்கு ஒரு கிறிஸ்மஸ் அட்டை வரும். மற்றப்படி அவரைப் பற்றிய சேதியெல்லாம் ஜெசியின் வாயால்தான்.

போன தபசுகாலத்தில் ஒருநாள் நான் வேலை செய்கிற ஐஸ் கொம்பனியில் நிற்கும்போது அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள். பின்னால் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

"அண்ணை, உங்கட சவிரி சுவாமி மேலை போயிட்டார்."

"என்ன வருத்தம்?" என்று கேட்டேன்.

"முழங்கால்தான். ஏலாமப் போச்சு. வயசும் போட்டுதுதானே."

"கஷ்டப்பட்டவரோ?"

"இல்லை, நிம்மதியாத்தான் போனவர். எல்லாருமாப் போய் வழியனுப்பினனாங்கள். ஒரே அழுகை."

"எங்கை வைச்சிருக்கினம்?"

"மடத்துக் காணியிலை. மரமெல்லாம் நிண்டு நல்ல அமைதியான இடம். கடல் தெரியும்."

"நாங்கள் இஞ்சை பூசை ஒப்புக்கொடுப்பம்," என்றேன்.

"செய்யுங்கோ அண்ணை. கேள்விப்பட்டாச் சந்தோசப்படுவார்."

பரலோகத்திலிருந்து கேட்டுச் சந்தோசப்படுவார் என்று எடுத்துக்கொண்டேன். முழங்கால் வருத்தத்தில் ஆள் சாகுமோ என்று ஒரு யோசனை வந்ததுதான். வந்து, அன்று தொடக்கம் என்னுடைய முழங்காலைப் பற்றிய கவலையாக மாறிவிட்டது. குருமடத்தில் என்னோடு படித்த ஞானம் இப்போது டயர் ஒட்டுகிற கடை வைத்திருக்கிறான். அவனிடம் ஓடினேன். அவன் கோயிலுக்கு ஓடினான். துக்க மணி அடித்தது. பங்குச் சுவாமி ஊருக்குப் புதியவர். நாங்கள் சொன்னதை நம்பி ஆத்துமப் பூசை வைத்தார். முப்பத்தோராம் நாள் சாப்பாடும் கொடுத்தோம். ஜெசி கன நாளாகத் தன்னிடம் வரச் சொல்லிக் கூப்பிட்டபடி இருந்தாள். கடைசியில் நான் புறப்பட்டபோது, சுவாமியின் தாய் தகப்பன் கிடக்கிற சேமக்காலையில் ஞானம் ஒரு பிடி மணல் அள்ளி, போத்தலில் போட்டு, "அவரின்ரை கல்லறையிலை தூவிட்டு வா," என்று தந்தான்.

என்னுடைய ஒரே பயம், கல்லறை மாறிவிடுமோ என்பது. அறியாத நாட்டில், அறியாத ஒருவரின் தலைமாட்டில் எங்கள் ஊர் மணலைக் கொட்டிவிட்டு வந்தால் ஞானத்துக்கு என்ன பதில் சொல்வது?

ஜெசியின் வீடு சீசா என்கிற பகுதியில், மாடிக் குடியிருப்பு ஒன்றில் இருக்கிறது. லிஃப்ற் இருக்கிறது. அதை நம்பக்கூடாது என்று சொல்லி நான் படியால் ஏறினேன். மச்சான் ஹோட்டல் குசினியில் வேலை. விடியமுன் போய்விடுவார். மருமகள் ரொசாலியா மருந்துக்கடையில் நிற்கிறாள். தமிழைத் தமிழாகத் தொடங்கி இத்தாலியனாக முடிப்பாள்.

"நாளையிண்டைக்கு எல்லாப் புனிதர் நாள், லீவு," என்றாள் ஜெசி, சோற்றைப் போட்டுக்கொண்டே. "சுவாமியைப் போய்ப் பாப்பம். அங்கை குளிரும், மச்சான்ரை சுவெற்றரைப் போடுங்கோ."

ஊரிலும் நாங்கள் கல்லறைக்குப் போவதை 'அப்பாவைப் பாக்கப் போறம்' என்றுதான் சொல்வோம். "ஓம்," என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவள் கொஞ்சம் கூடக் குழம்பு விட்டாள்.

அந்த வீட்டுக் கதவில் எங்கள் ஊர் வங்கியில்கூட இல்லாத பூட்டு. திறப்பைத் திருப்பத் திருப்ப உள்ளே இரும்புகள் ஒவ்வொன்றாகப் போய் விழும். அடுத்தநாள் காலை ரொசாலியாவோடு வெளியே இறங்கும்போது நான் கதவை இழுத்துப் பார்த்தேன். பிறகும் இழுத்தேன். இரண்டு மாடி இறங்கியதும் திரும்ப ஏறப் பார்த்தேன்.

"மாமா, பஸ்தா! எத்தினைதரம் இழுப்பியள்?"

குருமடத்திலும் நான் இப்படித்தான். அலுமாரியைப் பூட்டினேனா, விளக்கை அணைத்தேனா, பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டிய பாவம் ஒன்றை விட்டுவிட்டேனா. போன உடனே திரும்பி வந்து பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் நிற்பேன். வேறு யாருமென்றால் காதைத் திருகியிருப்பார்கள். சவிரி சுவாமி ஒருநாள் என்னைப் புத்தக அறைக் கதவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். "பூட்டை ஒருக்கால் இழுத்துப் பார். அது உன்ரை வேலை. அதுக்குப் பிறகு அது கடவுளின்ரை காவல். நீ திரும்ப இழுத்தா அவரை நம்பேல்லை எண்டு அர்த்தம். மூண்டாம்தரம் இழுத்தா பூட்டே கழண்டிடும்." பெடியள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, யாரும் இல்லாத நேரம் போய் ஒருக்கால் இழுத்துப் பார்த்தேன்.

அப்பா கடலுக்குப் போன வள்ளம் திரும்பி வராத வருசம் நான் படிப்பை விட்டேன். வீட்டில் மூத்தவன் நான். அன்றைக்கும் சுவாமி பெரிய கதையெல்லாம் கதைக்கவில்லை. தேவசித்தம் என்று சொல்லவில்லை, திரும்பி வா என்றும் சொல்லவில்லை. என் தகரப் பெட்டியைத் தன் சைக்கிளில் கட்டி, உருட்டிக்கொண்டு பஸ் ஸ்ராண்டுக்கு வந்தார். பெட்டியில் புதுப் பூட்டு ஒன்று கொளுவிப் பூட்டி, ஒருக்கால் இழுத்துக் காட்டிவிட்டு, திறப்பை என் கையில் வைத்தார். பஸ் வெளிக்கிட்டு வளைவு திரும்பும்வரை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ரொசாலியா என்னை அல்பெர்கேரியா ஒழுங்கைகளுக்குள்ளால் பல்லாறோ சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். விற்கிறவன் ஒவ்வொருவனும் பாட்டுக் கச்சேரிபோல இழுக்கிறான். எங்கள் மீன் சந்தையில் ஏலம் கூறி விற்கிறவர் இங்கே வந்தால் வெட்கப்பட்டுத் திரும்பிவிடுவார். மீன்கடையில் வாள்மீனின் தலையை நிமிர்த்தி வைத்து, அதன் வாள் வானத்தைப் பார்க்க விட்டிருந்தார்கள். நான் மீனைப் பார்க்கவில்லை, ஐஸைப் பார்த்தேன். நல்ல தூள் ஐஸ். ஆனால் தண்ணீர் வடிய வழி வைக்கவில்லை. அடியில் கிடக்கிற மீன் பின்னேரத்துக்குள் நொந்துவிடும். சொல்லலாமா என்று தவித்தேன். "சொல்லாதையுங்கோ மாமா," என்று ரொசாலியா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

கடலைமாவைக் கிண்டி, பரத்தி, மெல்லிசாக வெட்டி எண்ணெயில் பொரித்து, பாணுக்குள் வைத்துத் தந்தார்கள். பனெல்லே என்று பெயர். பெருஞ்சீரகமும் செத்தல் மிளகாயும் போட்டால் எங்கள் ஆள்தான். இரண்டு சாப்பிட்டேன். மாட்டு மண்ணீரலைப் பாணுக்குள் வைத்துத் தருகிற கடையைக் கண்டு, வயிற்றைப் பற்றிய கவலையில் மறுபக்கத்தால் நடந்தேன்.

ஒரு மேசை நிறையப் பழங்கள். தோடம்பழம், மாதுளை, கள்ளிப்பழம். தொட்டால்தான் தெரிகிறது, பாதாம் பருப்பில் செய்த இனிப்பு.

"இது மோர்த்திக்கு, மாமா. செத்த ஆக்களின்ரை நாளுக்கு," என்றாள் ரொசாலியா. "இஞ்சை செத்த ஆக்கள் வந்து பிள்ளையளுக்கு இனிப்பு வைச்சிட்டுப் போவினம்."

"அவையளோ வருவினம்?"

"ஓம். கட்டிலுக்குக் கீழை ஒளிச்சு வைப்பினம். நான் சின்னனிலை தேடி எடுப்பன்."

எங்கள் ஊரில் நாங்கள்தான் மெழுகுதிரியோடு அவர்களிடம் போகிறோம். அவர்கள் வருவது என்றால் நான் கதவை இன்னும் இரண்டுதரம் இழுப்பேன். ஆனாலும் ஒரு தோடம்பழத்தை வாங்கிப் பையில் வைத்தேன். ஏன் என்று அப்போது தெரியவில்லை.

ரொசாலியா வேலைக்குப் போக வேண்டும். வியா மக்வேதா என்ற பெரிய தெருவில் என்னை விட்டு, நேரே நடவுங்கோ, இந்த இடத்தில் இந்த பஸ்ஸை எடுங்கோ என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் தலை மறைந்ததும் நான் ஒரு பூக்கடைக்குள் நுழைந்து, கைகொள்ளாத அளவுக்கு வெள்ளைச் செவ்வந்தி வாங்கினேன். கடை முழுக்க அதுதான். கல்லறைக்கு இதுதான் பூ என்று கடைக்காரி சிலுவை போட்டுக் காட்டினாள்.

பஸ்ஸைப் பிழையாக எடுத்துவிட்டேன். அது சீசாவுக்குப் போகவில்லை. போய்க்கொண்டே இருந்தது. வீடுகள் குறைந்து மரங்கள் கூடின. யன்னலுக்கு வெளியே கடலோரத்தில் ஒரு பெரிய மலை, தனியாக நின்றது. என்னைக் கொண்டுபோய் எங்கேயோ விடப்போகிறார்கள் என்ற பயத்தில் பூக்கட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தேன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். எல்லோரும் என்னோடு நல்ல மாதிரி. ஒரு இளம் ஆள் எழும்பி இடம் தந்தான். பக்கத்தில் இருந்த அம்மா, காய்கறிப் பைகளை மடியில் வைத்துக்கொண்டு, என் கையைத் தொட்டு மெதுவாக ஏதோ சொன்னாள். அதில் 'தோலோர்' என்று ஒரு துண்டு இலத்தீன் கேட்டது. துக்கம். பூவைப் பார்த்துவிட்டு எனக்குத் துக்கம் சொல்கிறாள்! யார் என்று கையால் கேட்டாள். நான் புத்தகம் திறந்து வாசிப்பதுபோலக் காட்டி, "மஜிஸ்தேர்," என்றேன். ஆசிரியர்.

அவள் கண் கலங்கிவிட்டது. கடைசித் தரிப்பிடத்தில் என்னைக் கையில் பிடித்து இறக்கி, நான் 'சீசா' என்றதும் வேறொரு பஸ்ஸில் ஏற்றி, சாரதியிடம் பெரிய குரலில் என் கதை முழுவதையும் சொல்லி ஒப்படைத்தாள். என் கதையை அவள் எப்படி அறிந்தாள் என்பது எனக்கு இன்றும் தெரியாது. சாரதி வளைவுக்கு வளைவு என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தபடியே வந்தார். எனக்கோ அவர் வீதியைப் பார்க்கவில்லையே என்ற கவலை.

ரொசாலியா தந்த திறப்பால் கதவைத் திறந்தேன்; வீட்டில் யாரும் இல்லை. பூவை ஜெசி கண்டால் அழுவாள் என்று பல்கனியில் வாளிக்குள் தண்ணீர் விட்டு, துணிகாயப் போடுகிற கம்பிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

மறுநாள் காலை ஜெசியின் குரலில்தான் எழும்பினேன்.

"அண்ணை! இந்த வாளிக்குள்ளை ஆர் பூ வைச்சது?"

"நான்தான்."

"ஆருக்கு?"

"சுவாமிக்கு."

"ஐயோ அண்ணை, இஞ்சை இந்தப் பூவை ஆக்களுக்குக் குடுக்கிறேல்லை. செத்த ஆக்களுக்குத்தான்."

"தெரியும்."

"தெரிஞ்சோ வாங்கினீங்கள்?"

"பேந்து? கல்லறைக்கு வேறை என்ன பூ வைக்கிறது?"

"ஆரின்ரை கல்லறைக்கு?"

"சுவாமியின்ரை."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். முகம் வெளிறிவிட்டது. "சுவாமிக்கு என்ன? ஆர் சொன்னது? நேற்றுப் பின்னேரமும் மடத்துக்குப் போன் எடுத்துக் கதைச்சனான். மீன் பொரிச்சுக் கொண்டரச் சொல்லிக் கேட்டவர்!"

"நீதான் சொன்னனீ. மேலை போயிட்டார் எண்டு."

"ஓம், மேலை போயிட்டார்தான். மலைக்கு!"

ரொசாலியா பல்விளக்குகிற பிரஷ்ஷோடு ஓடிவந்தாள். "மாமா, மேலை எண்டா மலை. சாந்தா ரொசாலியா எண்ட புனிதையின்ரை கோயில் இருக்கிற மலை. இஞ்சை எல்லாருக்கும் தெரியும்."

"வழியனுப்பினனாங்கள் எண்டியே?"

"கீழை பங்குக் கோயிலிலை இருந்து சாமான் ஏத்தி அனுப்பினனாங்கள். அங்கை வயசுபோன சுவாமிமாரை வைச்சுப் பாக்கிற மடம். முழங்கால் ஏலாது, பங்கிலை படி ஏறேலாது எண்டு அங்கை விட்டவை." ஜெசி நிறுத்தினாள். "அண்ணை. நீங்கள் ஊரிலை பூசை வைச்சனீங்கள் எண்டியள். அது என்ன பூசை?"

"ஆத்துமப் பூசை."

"நான் சுகத்துக்கு நேர்ந்த பூசையெண்டெல்லோ நினைச்சன்!"

நான் பல்கனி நிலத்தில் அப்படியே இருந்துவிட்டேன். ஜெசி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். என் உடம்பில் எத்தனை இடத்தில் இந்தத் துக்கம் முடிச்சாகக் கிடந்தது என்பது அது அவிழும்போதுதான் தெரிந்தது. தோள் இறங்கியது. அந்த வருசம் முழுவதும் நோகாத முழங்காலுக்கு நான் பூசிய எண்ணெயெல்லாம் ஞாபகம் வந்து, நானும் சிரித்தேன்.

அது ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்தான் நின்றது. பிறகு அடுத்த கவலை வந்தது. ஆள் உயிரோடு இருக்கிறார். அவருக்கு நாங்கள் துக்க மணி அடித்திருக்கிறோம். கேட்டால் மனம் உடையாதா? வயதுபோன மனிதருக்கு இதைவிட அபசகுனம் உண்டா? நான் எந்த முகத்தோடு போய் நிற்பது?

"நீ சொல்லாதை," என்று வழிமுழுக்க ஜெசியிடம் கெஞ்சினேன். "ஓம் ஓம், சொல்லேல்லை," என்றாள். மீன் பொரியல் வாசத்தோடு அவளுடைய பை என் மடியில் இருந்தது. செவ்வந்தியை வீட்டில் விட்டால் வாடிவிடும் என்று ரொசாலியா கொண்டுவந்திருந்தாள். மணலும் இனிப்பும் என் தோள்பையில்.

லீவு நாள், பஸ் குறைவு. வந்த பஸ்ஸும் மலை வளைவில் எவனோ நிறுத்திவிட்டுப் போன காருக்குப் பின்னால் நின்றுவிட்டது. சாரதி இறங்கிக் காரைச் சுற்றி வந்து, கையை விரித்து வானத்தைப் பார்த்தார். பிரயாணிகள் இறங்கி ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எங்கள் நாட்டில் காரைத் தூக்கி வைத்திருப்போம். இங்கே கதைத்தே அதை அசைத்துவிடலாம் என்று நம்புகிறார்கள். நாங்கள் நடந்தோம். நெற்றியில் திருநீறு பூசிய ஒரு யாழ்ப்பாணத்து ஐயாவும் மனுசியும் அந்த மலைக் கோயிலுக்கென்று எங்களோடு ஏறினார்கள்.

"நீங்களும் மேலையோ?" என்று கேட்டார் ஐயா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிறகு, "ஓம், மேலைதான்," என்றேன்.

மடத்து வாசலில் நின்ற கன்னியாஸ்திரி செவ்வந்தியைப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். ரொசாலியா பூவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். ஜெசி சொன்னது எல்லாம் சரிதான். மரங்கள் நின்றன, அமைதியான இடம், கடல் தெரிந்தது. வெயில் விழுகிற விறாந்தையில், மேலே இத்தாலியன் சுவெற்றரும் கீழே கட்டம்போட்ட சாரமுமாக, காலை ஒரு முக்காலியில் நீட்டிக்கொண்டு சவிரி சுவாமி இருந்தார்.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "சூசை," என்றார். "கதவை எத்தினைதரம் இழுத்துப் பாத்திட்டு வந்தனீ?"

முழங்காலில் நின்று அவர் கையைப் பிடித்தேன். சூடான கை. விடவில்லை.

"என்னடா, செத்தவனைக் கண்ட மாதிரி அழுகிறாய்?"

அதோடு ஜெசி உடைந்துவிட்டாள். ஒரு மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். மேலை, மலை, மணி, பூசை, முப்பத்தோராம் நாள், வாளிக்குள் பூ. நான் நிமிரவில்லை. சுவாமியிடமிருந்து சத்தமே இல்லை. பிடித்திருந்த கை நடுங்கியது. ஏதோ ஆகிவிட்டது, இப்போது உண்மையாகவே கொன்றுவிட்டோம் என்று நிமிர்ந்து பார்த்தேன். மனுசன் சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணால் தண்ணீர் ஓடியது.

"சனம் வந்ததோ?" என்று கேட்டார், மூச்சு வந்ததும்.

"கோயில் நிறைஞ்சு வெளியிலையும் நிண்டது, சுவாமி."

"பாட்டு?"

"ஞானம்தான் தொடங்கினவன்."

"அப்ப சுருதி பிழைச்சிருக்கும். முப்பத்தோராம் நாளுக்கு என்ன சமைச்சனீங்கள்?"

"சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பப்படம்."

"எனக்கு ஒருத்தரும் அனுப்பேல்லையே," என்று ஜெசியின் பையைத் திறந்து ஒரு மீன் துண்டை எடுத்தார். "ஆர் பேசினது என்னைப் பற்றி?"

"நான்தான், சுவாமி."

"நீயோ? சபையிலை வாய் திறக்கப் பயப்பிடுறவன்! எங்கை, சொல்லு பாப்பம்."

மாட்டேன் என்றேன். விடவில்லை. எழும்பி, வகுப்பில் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு தொடங்கினேன். "சவிரி சுவாமி எங்களுக்கு இலத்தீன் படிப்பித்தார். அடிக்காமல் படிப்பித்தார். எங்கள் எல்லாருடைய பெயரையும் வீட்டு நிலைமையையும் அறிந்து வைத்திருந்தார்..."

"நில்." மீன் பிடித்த விரலை உயர்த்தினார். "அது என்ன காலம்?"

"இறந்தகாலம், சுவாமி."

"இருக்கிற ஆளுக்கு ஏன் இறந்தகாலம்? இவ்வளவு காலம் படிப்பிச்சும் இதுதானோ? மாத்திச் சொல்லு."

திரும்பத் தொடங்கினேன். "சவிரி சுவாமி எங்களுக்கு இலத்தீன் படிப்பிக்கிறார். அடிக்காமல் படிப்பிக்கிறார். எங்கள் எல்லாருடைய பெயரையும் அறிந்து வைத்திருக்கிறார். கவலைப்படுகிற பெடியனோடு பஸ் ஸ்ராண்டுவரை வருகிறார். பஸ் திரும்பும்வரை நிற்கிறார்."

அவர் மீனைக் கீழே வைத்தார். பிறகு, "இது சரி," என்றார்.

விமான நிலையக் கதையைச் சொன்னேன். "புல்விஸ் எண்டு ஏன் சொன்னனீ? தூசி வேறை, மணல் வேறை," என்று அதற்கும் ஒரு திருத்தம். போத்தலை வாங்கி மூடியைத் திறந்து, கொஞ்சத்தை உள்ளங்கையில் கொட்டி விரலால் கிளறினார். தாய் தகப்பனின் பெயரை வாய்க்குள் சொன்னதுபோல இருந்தது. ஒரு மணியும் சிந்தாமல் திரும்பப் போட்டு மூடி, யன்னல் விளிம்பில் மருந்துப் போத்தல்களோடு வைத்தார். "இருக்கட்டும். ஒருநாளைக்குத் தேவைப்படும். அப்ப மணல் கொண்டர ஆள் தேடி அலைய வேண்டாம் பார்."

பஸ்தியான் மாஸ்ரரைப் பற்றிக் கேட்டார். எங்களுக்குப் பாட்டுப் படிப்பித்தவர். என் குரல் உடைந்த வருசம் எல்லோரும் என்னைப் பாடற்குழுவில் இருந்து தூக்கச் சொன்னபோது, "அவன் நிக்கட்டும், வாயை மட்டும் அசைக்கட்டும், அவன் நிண்டாத்தான் வரிசை நேராயிருக்கு," என்று வைத்துக்கொண்ட மனிதர். நான் தலையைக் குனிந்தேன்.

"அவர்... உண்மையாவே மேலை போயிட்டார், சுவாமி. மழைகாலத்திலை."

"எண்டு கேள்விப்பட்டனியோ? பாத்தனியோ?"

"பெட்டி தூக்கினனான்."

சுவாமி சிலுவை அடையாளம் போட்டார். நாங்களும் போட்டோம். எங்கள் முடியைத் தானே வெட்டி எல்லோரையும் ஒரே மாதிரிக் கோரமாக்கிய, குருமடத்து அதிபராயிருந்த றெக்ரர் சுவாமிக்கும் சேர்த்து ஒரு மந்திரம் சொன்னார். ரொசாலியாவின் முதுகுக்குப் பின்னால் இருந்த பூவைக் கைகாட்டிக் கேட்டு வாங்கி, முகத்தருகே கொண்டுபோய், "நல்ல பூ. வீணாக்காதையுங்கோ. நாளைக்குச் சேமக்காலையிலை ஒருத்தரும் பூ வைக்காத கல்லறை ரெண்டு பாத்து வையுங்கோ. ஒண்டு பஸ்தியானுக்கு, ஒண்டு றெக்ரருக்கு," என்றார்.

பையில் இருந்த தோடம்பழ இனிப்பை எடுத்துக் கொடுத்தேன். உருட்டிப் பார்த்தார். கண்ணில் அந்தப் பழைய குறும்பு வந்தது. திருப்பி என் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

"இந்த நாட்டு முறை தெரியாதோ? செத்த ஆக்கள்தான் பிள்ளையளுக்குக் குடுக்கிறது. தின்."

ஐம்பது தாண்டிய பிள்ளை அந்த விறாந்தையில் நின்று பாதாம் இனிப்புத் தின்றது. நல்ல இனிப்பு. பல் கூசியது.

எனக்கு மிச்சமிருந்தது ஒரு கவலைதான். ஞானத்துக்கு எப்படிச் சொல்வது? அவன் இருதய வருத்தக்காரன். முதலில் பங்குச் சுவாமியிடம் சொல்லி, அவர் போய் மெதுவாக... நான் சொல்லி முடிக்கவில்லை. "எடு நம்பரை," என்றார் சவிரி சுவாமி. கைத்தொலைபேசி ஆகாத மனுசன் கையை நீட்டிக்கொண்டு இருந்தார். எடுத்துக் கொடுத்தேன். பேசாலையில் அப்போது பின்னேரம். மணி போய்க்கொண்டிருந்தது. டயர் கடையின் காற்றடிக்கிற சத்தத்தோடு, "சொல்லு சூசை, கல்லறையைக் கண்டுபிடிச்சிட்டியோ?" என்று ஞானத்தின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

சுவாமி தொண்டையைச் செருமினார்.

"ஞானம், நான் சவிரி. மேலையிருந்து கதைக்கிறன்."

இரும்பு ஏதோ விழுந்து உருளுகிற சத்தம் கேட்டது. பிறகு காற்றடிக்கிற சத்தமும் நின்றது.

"பயப்பிடாதை, பெடியா," என்றார் சுவாமி, என்னைப் பார்த்துக்கொண்டே. "ஒருக்கால் பயந்தனிதானே. அது போதும்."